நேரம் பார்த்துப் போக வேண்டிய ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நண்பர்களோடு போய்வந்த பயணம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, வெளிநாட்டுப் பயணம் எதுவும் என் கணக்கில் இல்லையே என்று தயங்கினேன். மூன்று நாளில் போய்த் திரும்பிய தென்மாவட்டப் பயணம்தான் இருக்கிறது என்றேன். அதுவே போதும் என்றார்கள்.

நாங்கள் நால்வர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இன்று ஒருவர் கணக்காசிரியர், ஒருவர் சித்த வைத்தியர், ஒருவர் லாரி செட் வைத்திருப்பவர். நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். மதுரையிலிருந்து நாற்கரச் சாலையில் சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி. அங்கிருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை. திரும்பும்போது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியாக மீண்டும் மதுரை. வரைபடத்தில் பார்த்தால் ஒரு வளையம். நடராசரின் ஐந்து சபைகளில் மதுரை வெள்ளி சபை, நெல்லைத் தாமிர சபை, குற்றாலச் சித்திர சபை ஆகிய மூன்றும் இந்த வளையத்திலேயே அமைந்திருக்கின்றன.

இதே வழியில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை போய் ஏமாந்து திரும்பியிருக்கிறோம். அப்போது கணக்காசிரியர் நிமிடக் கணக்கில் ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். அந்த அட்டவணைப்படி பகல் பன்னிரண்டரைக்கு நெல்லையப்பர் கோயில் வாசலில் நின்றோம். உச்சிக்காலப் பூசை முடிந்து நடை சாத்தியாகிவிட்டது. சரி, அல்வாவாவது வாங்குவோம் என்று போனால், நாங்கள் தேடிப் போன கடையும் பூட்டிக் கிடந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதோ ஒரு கடையில், அட்டைப்பெட்டியில் அடைத்து வைத்திருந்ததை வாங்கினோம். அதில் நெய்க்குப் பதிலாக வனஸ்பதி வாடைதான் வந்தது. திருநெல்வேலிக்கே போய் அல்வா வாங்கிவிட்டு வந்திருக்கிறீர்களே என்று வீட்டில் சிரித்தார்கள். அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதால் சிரிப்பு சற்று நீண்டது.

அன்று எனக்குப் பட்டது ஒன்றுதான். கோயிலுக்கு நடை திறக்கும் நேரம் இருப்பதுபோல, ஓர் ஊரின் பண்டத்துக்கும் நேரம் இருக்கிறது. ஆகவே இந்தமுறை அட்டவணையை நானே எழுதினேன். எந்த ஊரில் எது எந்த வேளையில் அடுப்பிலிருந்து இறங்குகிறது என்று முதலில் விசாரித்தேன். பார்க்க வேண்டிய இடங்களை அதற்கு இடைப்பட்ட நேரத்தில் பொருத்தினேன்.

ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் மதுரையை விட்டுக் கிளம்பினோம். சாத்தூரில் பூண்டும் மிளகும் மணக்கும் காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கோவில்பட்டியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் விலகியிருக்கும் கழுகுமலைக்கு வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்தோம். அது மொட்டைப் பாறை. பத்து மணிக்கு மேல் அதில் கால் வைப்பது தோசைக்கல்லில் கால் வைப்பதற்குச் சமம்.

கழுகுமலையில் இருக்கும் வெட்டுவான் கோயில், பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்தது. சிகரமும் விமானத்துச் சிற்பங்களும் முழுமையாக முடிந்திருக்க, கீழ்ப்பகுதி வெட்டுப்பட்ட கல்லாகவே நின்றுவிட்டது. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு கை மத்தளத்தின் மேல் இருக்க, முகத்தில் தாளத்தில் லயித்தவரின் அமைதி. முடியாத கோயிலைப் பார்க்கும்போது முடிந்த கோயில்களில் புலப்படாத ஒன்று தெரிகிறது. உளி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற வழி. அதே மலையில் சற்றுத் தள்ளிச் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. லாரி செட் நண்பர் அங்கே அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

கோவில்பட்டிக்கு இறங்கியபோது கடலைமிட்டாய்ப் பட்டறைகளில் வேலை மும்முரமாக இருந்தது. வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த நிலக்கடலை ஒருபக்கம். கொதிக்கும் வெல்லப்பாகு மறுபக்கம். பாகு கிண்டியவர் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். உறைந்த அந்தத் துளியை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். கல் விழுந்தாற்போல ஓசை வந்ததும், "ம், போடு" என்றார். கடலை பாகில் விழுந்தது. கலவை பலகையில் கொட்டப்பட்டு உருளையால் தேய்க்கப்பட்டது. சூடு ஆறுவதற்குள் கோல் வைத்துத் துண்டு போட்டாயிற்று. இத்தனையும் சில நிமிடங்களில் நடந்தன. ஆறிவிட்டால் வெட்ட முடியாது, உடைக்கத்தான் முடியும் என்றார் அவர். 2020-ஆம் ஆண்டு இந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணில் விளையும் கடலைக்கு இருக்கும் ருசியைப் பற்றி அங்குள்ளவர்கள் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்துவதில்லை.

மதியச் சாப்பாடு பாளையங்கோட்டையில், வைத்திய நண்பரின் அக்கா வீட்டில். சொதி வைத்திருந்தார்கள். நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் திருமணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் பரிமாறப்படுவது சொதி. இலங்கைத் தமிழர் வீடுகளிலும் இதே பெயரில் தேங்காய்ப்பால் குழம்பு ஒன்று உண்டு என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். நெல்லைச் சொதிக்குத் தேங்காயை அரைத்து மூன்று முறை பால் பிழிகிறார்கள். கடைசியாகப் பிழிந்த நீர்த்த பாலில் காய்கள் வேகும். வெந்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் சேரும். முதலில் பிழிந்த கெட்டிப்பால் கடைசியில்தான் சேர வேண்டும். அது சேர்ந்த பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்பதால், அக்கா அடுப்பை விட்டு அசையவில்லை. இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸும், தேங்காய்ப்பால் செரிக்க வேண்டுமே என்று இஞ்சிப் பச்சடியும்.

கை கழுவியதும் கணக்காசிரியர் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். அக்கா தடுத்துவிட்டார்: "சொதி சாப்பிட்டுட்டு வெயில்ல அலையாதீங்க தம்பி. கோயில் நடை சாயங்காலந்தான் தொறப்பாங்க. பாய் போட்டிருக்கேன், படுங்க." ஓர் ஊரின் சாப்பாடும் தூக்கமும் கோயில் நேரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்தியிருக்கின்றன என்பது பாயில் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் நெல்லையப்பர் கோயில். சுவாமிக்கும் காந்திமதி அம்மனுக்கும் இரண்டு தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கும் நீண்ட சங்கிலி மண்டபம் 1647-இல் வடமலையப்ப பிள்ளையனால் கட்டப்பட்டது. மணி மண்டபத்தில் ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களுமாகக் கடைந்திருக்கிறார்கள்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும் இசைத்தூண்கள். எங்களுக்குச் சங்கீத ஞானம் குறைவு என்பதால் வியந்துவிட்டு நகர்ந்தோம். தாமிர சபையின் மரச் சிற்பங்களைத்தான் நெடுநேரம் பார்த்தோம்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் கீழரத வீதி, எதிரே இருட்டுக்கடை. பெயர்ப்பலகைக்கு அவசியம் இல்லாத கடை அது. ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஊர்மக்கள் வைத்த பெயரே நிலைத்தது. இராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் தொடங்கியது என்பார்கள். மாலையில்தான் திறக்கும். வரிசை ஏற்கெனவே வளைந்து நின்றது. எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம், இவ்வளவு நேரம் நிற்க வேண்டுமா அண்ணாச்சி என்று கேட்டேன். "பகல்ல கெடச்சா நீரு வருவீரா வே?" என்றார்.

அல்வாவுக்குச் சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, நெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். அந்த ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பது ஊரார் நம்பிக்கை. கையில் வாங்கிய துண்டு சுட்டது; விரலிடுக்கில் நெய் வழிந்தது; வாயில் போட்டால் மெல்ல வேண்டிய வேலை இல்லை, தானே வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியது. வைத்தியர் தம் சர்க்கரை அளவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டாவது முறை கையை நீட்டினார். வீட்டுக்கென்று வாங்கிய ஒரு கிலோப் பொட்டலத்தை ஆலங்குளம் தாண்டுவதற்குள் நாங்களே பிரித்துவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். காராச்சேவும் அதோடு தீர்ந்தது.

இரவு குற்றாலத்தில் தங்கினோம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டும்போது இந்தப் பக்கம் சாரலாக வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். விடியற்காலையில் பேரருவியில் கூட்டம் குறைவு. உச்சியிலிருந்து விழும் தண்ணீர் இடையில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அப்படியிருந்தும் முதல் அடி தோளில் விழுந்தபோது கணக்காசிரியர் அலறிய அலறல் அருவிச் சத்தத்தை மீறிக் கேட்டது. குளித்து முடித்தால் பசி வயிற்றைக் கிள்ளும். ஆவி பறக்கும் இட்லியை எத்தனை தின்றோம் என்று எண்ணவில்லை. சாலையோரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருந்தார்கள். மங்குஸ்தானின் தடித்த ஊதாத் தோலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தித் திறக்கக் கற்றுக்கொடுத்தார் பழக்காரம்மா. சித்திர சபையில் நடராசர் சிலையாக இல்லாமல் சுவரோவியமாகவே இருக்கிறார். ஈரத்தலையோடு அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் நின்று பார்த்தோம்.

நண்பகலில் கடைவீதியில் ஒரு தவறு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாலையில் தென்காசி காசி விசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. இடிந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற அதன் இராஜகோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 1990-இல் குடமுழுக்குக் கண்டது. பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் பாதங்களில் தான் வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் பாட்டாகவே கல்வெட்டில் பொறித்துவைத்திருக்கிறான். கோபுரவாயிலில் நுழையும்போது காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. கடந்து சில அடி நடந்தால் முதுகுப்புறமிருந்து தள்ளுகிறது. வேட்டி கட்டியவர்கள் கவனமாக இருப்பது நல்லது.

இரவுச் சாப்பாடு செங்கோட்டைக்கு அருகே பிரானூரில். அங்கிருப்பவற்றைப் பார்டர் ரொட்டிக்கடை என்கிறார்கள். மாநில எல்லையோ இன்று அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது; எல்லை நகர்ந்த பிறகும் கடைகளின் பெயர் நகரவில்லை. ரொட்டி என்றால் அங்கே பரோட்டாதான். பகலிலும் கிடைக்கும் என்றாலும், சாரல் ஓட்டில் தட்டும் இரவில், கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை இரு கைகளாலும் அடித்து நொறுக்கி, வாழையிலையில் போட்டு, அதன்மேல் சால்னா ஊற்றி, பக்கத்தில் மிளகில் புரட்டிய நாட்டுக்கோழியை வைக்கும்போதுதான் அதற்கு முழு அர்த்தம் கிடைக்கிறது. சைவரான வைத்தியர் சால்னாவைத் தவிர்த்து, பரோட்டாவைச் சர்க்கரையோடு சாப்பிட்டார். அதைப் பார்க்க எங்களுக்குத் துக்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் முற்பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலைக் கோபுரம் ஊருக்குள் நுழையுமுன்பே தெரியும். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளியை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் அலகு. நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது. பால்கோவாவும் ஏறத்தாழ அப்படித்தான். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேராத அந்தப் பண்டத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காலையில் கறந்த பால் இரும்புச் சட்டியில் சுண்டி இறங்கியிருந்தது. வெதுவெதுப்பு மாறாமல், மணல் மணலாக, ஒரு துண்டு இலையில் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு டப்பா வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்தத் தவறு. நெல்லையில் வாங்கியதைத் தின்று தீர்த்துவிட்டதால், குற்றாலத்தில் திருநெல்வேலி அல்வா என்று பலகை மாட்டியிருந்த ஒரு கடையில், நண்பகலில், ஒரு கிலோ வாங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை. வயது எண்பத்து மூன்று. ஒரு விள்ளலை வாயில் போட்டு, சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"ஏல, இதை எந்த நேரத்துல வாங்குனே?"

"மத்தியானம்மா" என்றேன்.

"அதான்" என்று தட்டை நகர்த்திவிட்டு, பால்கோவா டப்பாவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.