விசா மெடிக்கல் பாஸ்! அப்புறம் லண்டனில் காசநோய் எப்படி வந்தது?

கொழும்பில் எடுத்த எக்ஸ்ரே சுத்தம். மெடிக்கல் பாஸ். விசா வந்தாச்சு, பிளைட்டும் ஏறியாச்சு. ஒன்றரை வருடம் போன பிறகு லண்டனில் வைத்தியர் சொல்கிறார்: "உங்களுக்குக் காசநோய்." எங்கே தொற்றியிருக்கும்? டியூப் ரயிலிலா, வேலை செய்கிற கடையிலா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. இங்கிருந்து போகும்போதே கூட வந்திருக்கும்.

வணக்கம் உறவுகளே. பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். காற்றில் பரவும் இந்தக் கிருமியை ஜெர்மன் வைத்தியர் ரொபர்ட் கொக் அறிவித்தது 1882இல். உலக மக்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவரின் உடலுக்குள் இது எப்போதோ நுழைந்திருக்கிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறும். மற்றவர்களுக்கு நீறு பூத்த நெருப்பு: இருமல் இல்லை, பிறருக்குத் தொற்றாது, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சரி, பின்னணி முடிந்தது.

இனி எனக்குப் பிடித்த இடம். இந்தக் கிருமி ஒரு மகா சோம்பேறி! வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் ஈகோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்குச் சுமார் 20 மணித்தியாலம் வேண்டும். அதாவது ஈகோலை ஒரு நாளில் 72 தடவை பிரியலாம். இவர் ஒரு தடவை பிரிந்துவிட்டுக் களைத்துப் போவார்.

சிரிக்காதீர்கள், உங்கள் விசா தாமதமாவதே இந்தச் சோம்பலால்தான். எக்ஸ்ரேயில் சின்னதாக ஒரு நிழல் தெரிந்தால் சளி கேட்பார்கள். அடுத்தடுத்து மூன்று நாள், காலையில், நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி. எச்சிலைத் துப்பிக் கொடுத்து ஏமாற்ற முடியாது. அதில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க எட்டுக் கிழமை வரை போகும். அங்கே ஹோல் புக் பண்ணி, கார்ட் அடித்து, மாப்பிள்ளை காத்துக்கொண்டிருப்பார். இங்கே மணப்பெண்ணின் சளியில் கிருமி வளருமா வளராதா என்று முழுக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கும். வளராமல் இருக்க நேர்த்தி வைத்தவர்களும் நிச்சயம் இருப்பார்கள்! மருந்தை ஆறு மாதம் விழுங்க வேண்டியிருப்பதற்கும் இந்தச் சோம்பல் ஒரு காரணம். தூங்குகிற கிருமியை மருந்து லேசில் கொல்லாது.

இப்போது கணக்கு. இலங்கையில் வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் சுமார் 60 பேருக்குக் காசநோய் வருகிறது என்பது மதிப்பீடு. அது 40க்கு மேல் இருக்கிற நாட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போனால் பிரித்தானியா எக்ஸ்ரே கேட்கும். கனடாவும் அவுஸ்திரேலியாவும் 11 வயதிலிருந்தே கேட்கின்றன. இருந்தும் அமெரிக்காவில் காசநோய் வருகிறவர்களில் நான்கில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். போய் இறங்கிய முதல் சில வருடங்களில்தான் ஆபத்து அதிகம். பிறகு மெல்ல இறங்கும், ஆனால் பல வருடம் போனாலும் அந்த ஊரில் பிறந்தவரின் அளவுக்கு வராது.

"அப்போ நாங்கள்தான் அங்கே வருத்தம் பரப்புகிறோமா?" என்று கொமெண்டில் யாராவது கேட்பீர்கள். இல்லை. கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், குடியேறியவர்களின் நோய் பெரும்பாலும் பழைய தொற்று விழித்துக்கொண்டதுதான். அங்கே பிறந்தவர்களுக்கு அவர்களிடமிருந்து தொற்றுவது குறைவு. எல்லையை மூடினால் நோய் நின்றுவிடும் என்கிற அரசியல்வாதிகளுக்கு இதை யாராவது மொழிபெயர்த்து அனுப்புங்கள்.

அடுத்தது, இருமலே இல்லாத காசநோய். தெற்காசியாவிலிருந்து போனவர்களில் நிறையப் பேருக்கு இது நுரையீரலுக்கு வெளியேதான் வருகிறது. முக்கியமாகக் கழுத்தில் நெறி கட்டும். நோகாது, கையால் தடவினால் கோலிக்குண்டு மாதிரி உருளும். குளிருக்குச் சால்வை சுற்றியிருப்பதால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணிலும் படாது. இரவில் உடை நனைய வியர்க்கும், மெலிவு வரும். "அங்கத்தைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல" என்று அம்மா வீடியோ கோலில் கவலைப்படுவார். இந்த வகை பிறருக்குத் தொற்றாது. ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயில் கழுத்து நெறி தெரியாதே!

சீனி வருத்தம் இருந்தால் கிருமி விழிக்கும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. நம் குடும்பங்களில் யாருக்குத்தான் சீனி இல்லை?

தூங்கும் தொற்றைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிறந்தவுடன் கையில் போட்ட பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசி, தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையைக் குழப்பும்; இந்த இரத்தப் பரிசோதனையைக் குழப்பாது. தொற்று இருந்தால் மூன்று நான்கு மாதக் குளிசையோடு முடிக்கலாம். அதில் ரிபாம்பிசின் என்ற மருந்தைக் கொடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், இரத்தம் என்று பதறாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வைத்தியரிடம் "நான் இலங்கையிலிருந்து வந்தவர்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். காசநோயைப் பார்க்காமலே பல வருடம் வேலை செய்த வைத்தியர் அவர், சொன்னால்தான் யோசிப்பார். இங்கே இருப்பவர்கள் இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் கொழும்பு மருதானை டீன்ஸ் வீதியில் மத்திய மார்பு சிகிச்சை நிலையம் இருக்கிறது. அரசாங்கச் சிகிச்சை, காசு இல்லை.

உங்கள் மெடிக்கலில் சளி கேட்டார்களா? எத்தனை கிழமை இழுத்தார்கள்? கீழே எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.