நோட்டா முதலிடம் பிடித்தால் தேர்தல் ரத்தாகுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். தேர்தல் செலவுக் கணக்கு பற்றிச் சென்ற முறை பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். தருமபுரியிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை எழுதிய கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. 'ஐயா, எனக்கு அடுத்த தேர்தல்தான் முதல் ஓட்டு. நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் தேர்தல் ரத்தாகிவிடும், நின்றவர்கள் யாரும் மறுபடி நிற்க முடியாது என்று தோழிகள் சொல்கிறார்கள். உண்மையா? உண்மை இல்லையென்றால் நான் எதற்கு வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும்?'

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. உண்மை இல்லை அம்மா. மக்களவைத் தேர்தலிலும் சட்டமன்றத் தேர்தலிலும் நோட்டா, அதாவது 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற பொத்தான், எத்தனை ஓட்டு வாங்கினாலும், வேட்பாளர்களுக்குள் யார் அதிகம் வாங்கினாரோ அவரே வென்றவர். டெபாசிட் காப்பாற்ற ஆறில் ஒரு பங்கு ஓட்டு வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கில்கூட நோட்டா சேராது. உங்கள் தோழிகள் எங்கிருந்து இதைப் பிடித்தார்கள் என்றும் ஊகிக்க முடிகிறது. 2018-இல் மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள், நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்று உத்தரவிட்டன. அது உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும்.

2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்று பாஜகவில் சேர்ந்துவிட்டார். கோபத்தில் அங்கே 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். நாட்டில் இதுவரை எந்தத் தொகுதியிலும் விழாத எண்ணிக்கை. இரண்டாம் இடமே நோட்டாவுக்குத்தான். வென்றவரோ பத்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு லட்சம் பேர் எழுந்து நின்று 'வேண்டாம்' என்று சொன்னது ஒரு புள்ளிவிவரமாகப் பதிவானது, அவ்வளவே.

அதற்காக நோட்டா வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அது வருவதற்கு முன் என்ன இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 49 ஓ என்று ஒரு விதி இருந்தது. 2009 மக்களவைத் தேர்தலில் என் தாய்மாமன் அதைப் பயன்படுத்தினார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விதி என்றால் வரிக்கு வரி தெரிந்தவர். விரலில் மை வைத்தாயிற்று, ஓட்டுப் போட வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. இயந்திரத்தின் பக்கம் போகாமல், 'நான் யாருக்கும் ஓட்டுப் போட விரும்பவில்லை, பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்' என்றார். வாக்குச்சாவடி அலுவலருக்கு அந்த விதியே தெரியவில்லை. மாமா அங்கேயே நின்று எண்ணைச் சொல்லி விளக்கினார். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. எதிர் பெஞ்சில் எல்லாக் கட்சிகளின் பூத் ஏஜெண்டுகளும் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் அலுவலர் குறிப்பு எழுதி, பக்கத்தில் இவரிடம் இன்னொரு கையெழுத்து வாங்கினார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. 'என்ன, எங்கள் ஆளும் உங்களுக்கு ஆகாதவரா?' என்று எல்லாத் தரப்பிலிருந்தும் விசாரணை. ரகசிய வாக்கு என்ற பாதுகாப்பு, ஓட்டுப் போடுகிறவருக்கு இருந்தது, மறுக்கிறவருக்கு இல்லை.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-இல் தொடுத்த வழக்கில் இந்தக் குறையைத்தான் உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று நீக்கியது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், நம் ஈரோடு மாவட்டத்துக்காரர். அப்படித்தான் நோட்டா வந்தது, மறுப்பதையும் ரகசியமாகச் செய்யலாம் என்று ஆயிற்று. அது பெரிய விஷயம். மக்கள் இப்படி மறுத்தால் கட்சிகள் நல்ல வேட்பாளர்களை நிறுத்தியாக வேண்டும் என்ற நம்பிக்கையும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அந்த நம்பிக்கைதான் பலிக்கவில்லை.

ஏன் பலிக்கவில்லை? என் பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு இந்தப் பந்தி உதாரணம் பழக்கமானது. பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன். நோட்டா என்பது பந்தியில் உட்கார்ந்து, பரிமாறிய பிறகு இலையை மூடுவது. என்ன சமைப்பது என்று சமையல்கட்டில் முடிவு செய்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை. இலையை மூடும் உரிமை கிடைத்ததற்கே பதினோரு ஆண்டு விழா, பன்னிரண்டு ஆண்டு விழா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சமையல்கட்டுக் கதவை இன்னும் தட்டவே இல்லை.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு வாங்குகிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. நேர்காணல் நடக்கிறது. ஒரு நாள் ராத்திரி பட்டியல் வெளியாகிறது. ஏன் இவர், ஏன் அவரில்லை என்று தொகுதியில் இருபது வருடம் கொடி பிடித்த தொண்டருக்கும் தெரியாது. பிறகு, இவரே எங்கள் வேட்பாளர் என்று அறிவிக்கும் ஏ படிவம், பி படிவம் தலைமையின் கையெழுத்தோடு வருகின்றன. மனுத்தாக்கல் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் அவை தேர்தல் அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். கையெழுத்து மையால் போட்டதாக இருக்க வேண்டும், முத்திரைக் கையெழுத்து செல்லாது. பாருங்கள், எந்த மையில் கையெழுத்து என்பது வரைக்கும் விதி இருக்கிறது. அந்தப் பெயரை யார் கூடி, எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரி சட்டமும் இல்லை! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் கட்சிகளைப் பதிவு செய்யும் 29ஏ பிரிவு, அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதி கேட்கிறது. வேட்பாளர் தேர்வு பற்றி அது வாய் திறப்பதில்லை. உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1999-இல் தன் 170-வது அறிக்கையில் சொல்லிவிட்டது. அது அப்படியே கிடக்கிறது.

அந்த பி படிவத்தோடு 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி போய்விடும். சீட்டுக் கொடுத்ததும் தலைமை, வாயைக் கட்டுவதும் தலைமை. இடையில் ஓட்டுப் போட்ட நமக்கு அந்த உறுப்பினர் எதற்காகக் கடன்பட்டிருக்க வேண்டும்?

மக்கள் சமையல்கட்டுக்குள் நுழையப் பார்த்ததும் உண்டு. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில், தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் திரண்டு மனுத்தாக்கல் செய்தார்கள். 1,033 வேட்பாளர்கள்! வாக்குச் சீட்டைப் புத்தகம் போலத் தைக்க வேண்டியதாயிற்று, தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அதே ஆண்டு நல்கொண்டாவில், ஃபுளோரைடு கலந்த நீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன மக்களின் குரலாக 480 பேர் மக்களவைக்குப் போட்டியிட்டார்கள். 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் இதேபோல் திரண்டு நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள்.

இவர்களுக்கு நாடு சொன்ன பதில் என்ன? 1996-க்குப் பிறகு சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள், இன்று 10,000. மக்களவைக்கு 25,000. சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர் போதும். பெயரை முடிவு செய்யும் இடத்துக்குப் போகும் வழியை மேலும் குறுக்கினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

ஜெர்மனியில் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவே கட்சிகளின் உள் அமைப்பு ஜனநாயக முறையில் இருக்க வேண்டும் என்கிறது. கட்சி வேட்பாளரை உறுப்பினர்களோ அவர்களுடைய பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அங்கே தேர்தல் சட்டம் இருக்கிறது. கட்சிகளுக்குச் சின்னம் ஒதுக்கும் நம் சின்னங்கள் ஆணை 1968-இல் வந்தது. அந்தத் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் ரகசியமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவருக்கே சின்னம் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தால் போதும், பி படிவத்தின் பொருளே மாறிவிடும்.

உறுப்பினர்களையும் பணம் கொடுத்து வாங்கிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். முயல்வார்கள். 2019-இல் வேலூர் தேர்தலே பணத்தால் ரத்தானது நமக்குத் தெரியும். ஆனால் மூடிய அறையில் ஒருவரைச் சரிக்கட்டுவதைவிட, தொகுதி முழுக்கப் பரந்து கிடக்கும் சில ஆயிரம் பேரைச் சரிக்கட்டுவது கடினம். தோற்ற விண்ணப்பதாரர் கணக்குக் கேட்பார், வழக்குப் போடுவார். இன்றைக்கு அவருக்கு எந்த நீதிமன்றத்திலும் கேட்க ஒன்றுமில்லை.

தங்கையே, வரிசையில் நில்லுங்கள். போகாமல் இருந்தால், வராதவர்கள் கணக்கில் இறந்துபோனவரும் ஊர் மாறிப் போனவரும் உங்களோடு ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். மறுத்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. நோட்டா போட்டால் குறைந்தது எண்ணிக்கையில் இருப்பீர்கள். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கட்சிகள் விருப்ப மனு வாங்கும் நாட்களில் உங்கள் தொகுதியிலிருந்து யார் யார் மனுக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். பட்டியல் வந்ததும் தோழிகளோடு போய், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை அப்படியே இங்கே வாசிக்கிறேன்.