மனுவுக்குள் அடங்காத நியாயம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈராக்கின் வடக்கே சிஞ்சார் மலையைச் சுற்றி வாழ்ந்துவந்த யாசிதி என்ற சிறுபான்மை மதத்து மக்கள்மேல் 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) தீவிரவாத இயக்கத்தின் படை பாய்ந்தது. ஆண்களைச் சுட்டுக் குழிகளில் தள்ளினார்கள். பெண்களையும் சிறுமிகளையும் விலை பேசி விற்றார்கள். கடத்தப்பட்டவர்கள் 6,000 பேருக்கு மேல். அவர்களில் 2,500க்கும் அதிகமானோரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. இது இனப்படுகொலை என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2016இலேயே அறிவித்துவிட்டது. மீண்டு வந்தவர்களுக்கு என்ன நியாயம் கிடைத்தது என்பதே இன்றைய பேச்சு.

2021 மார்ச் 1 அன்று ஈராக் நாடாளுமன்றம் அவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. மாத உதவித்தொகை, வீட்டுமனை, விட்ட படிப்பைத் தொடர வழி, அரசு வேலையில் 2 சதவீத ஒதுக்கீடு எல்லாம் அதில் உண்டு. ஈராக்கின் மற்றச் சிறுபான்மையினரான துர்க்மென், கிறிஸ்தவ, ஷபக் பெண்களுக்கும் அது பொருந்தும். நடந்தது இனப்படுகொலை என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டு கொடுக்கும் தொகையைப் பொதுவான போர் நிவாரணத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது. அந்த அளவில் அது பெரிய சட்டம்தான். 2023இல் பணமும் வரத் தொடங்கியது.

இடையில் ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. இந்த உதவிகளைக் கேட்டு வரும் மனுக்களைப் பரிசீலிக்கும் குழு, ஒவ்வொரு பெண்ணும் குற்றப்புகார் கொடுத்து அதன் ஆவணத்தை இணைக்க வேண்டும் என்றது. முகாம் கூடாரத்தில் இருக்கும் பெண், தன்னைச் சீரழித்தவனைப் பற்றி முன்பின் தெரியாத அதிகாரிகளிடம் மறுபடி சொல்ல வேண்டும். சரி, அந்தப் புகாராவது வழக்காகிறதா? ஈராக் நீதிமன்றங்கள் ஐ.எஸ். ஆட்களைப் பெரும்பாலும் 2005ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில்தான் தண்டிக்கின்றன. இயக்கத்தில் இருந்தான் என்றாலே தண்டனைக்குப் போதும். அடிமையாக வைத்திருந்ததும் வன்புணர்ந்ததும் தீர்ப்பில் ஏறுவதே அரிது.

அவை தீர்ப்பில் ஏறிய இடம் ஜெர்மனி. ஒரு யாசிதித் தாயையும் ஐந்து வயது மகளையும் விலைக்கு வாங்கிய ஒருவன், படுக்கையை நனைத்துவிட்டாள் என்று அந்தக் குழந்தையை ஈராக்கின் ஃபலூஜா நகரில் கொளுத்தும் வெயிலில் ஜன்னல் கம்பியோடு கட்டிப்போட்டான். குழந்தை இறந்துபோனது. 2021 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்துக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தாய்க்கு 50,000 யூரோ கொடுக்கவும் உத்தரவிட்டது. யாசிதிகள்மீது நடந்ததை இனப்படுகொலை என்று சொன்ன முதல் நீதிமன்றத் தீர்ப்பு அது. தாயே சாட்சி சொன்னார். அங்கே அவர் சொன்ன சொல்லின்மேல் ஒரு தண்டனை நின்றது. மனுவோடு இணைக்கக் கேட்கும் புகாருக்கு அந்த மதிப்பைக் கொடுக்க ஆளில்லை என்றால், அந்தப் பெண்ணிடம் அதை ஏன் கேட்க வேண்டும்?

இவை எதிலும் அடங்காத தாய்மார்களும் இருக்கிறார்கள். வன்புணர்வில் பிறந்த குழந்தையோடு மீண்டவர்கள். 2021 சட்டம் அந்தக் குழந்தைகளின் நிலையைத் தீர்க்காமலே விட்டுவிட்டது. ஈராக்கின் பதிவு முறைப்படி அவர்கள் முஸ்லிம்கள். தாய் தந்தை இருவரும் யாசிதியாக இருந்தால்தான் யாசிதி என்பது சமூகத்தின் வழக்கம். 2019இல் யாசிதி ஆன்மிகப் பேரவை மீண்டவர்களை ஏற்பதாக அறிவித்தது. சில நாளிலேயே, இந்தக் குழந்தைகள் அதில் சேர்த்தியில்லை என்று விளக்கமும் கொடுத்தது. அழிவின் விளிம்பைத் தொட்டு வந்த சமூகத்தின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவள் தாய். சிலர் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். சிலர் பிள்ளைக்காக ஊரையே விட்டார்கள். சட்டம் தருவதாகச் சொன்ன வீட்டுமனை, இந்த இரண்டாவது வகைத் தாய்க்கு எந்த ஊரில் பயன்படும் என்று பாக்தாத் இன்னும் பதில் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.