மண்டி போட மறுத்த வெல்ஷ் ஜட்ஜ் | கௌபிரிட்ஜ், வேல்ஸ்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நான் இப்ப நிக்கிறது தெற்கு வேல்ஸ்ல கௌபிரிட்ஜ்ங்கிற ஊர்ல. இதோ தெரியுது பாருங்க, ஹோலி கிராஸ் சர்ச். ஜட்ஜ் டேவிட் ஜென்கின்ஸை அடக்கம் பண்ணது இங்கதான், 1663ல. 80 வயசு தாண்டின மனுஷன். அதுல 10 வருஷத்துக்கு மேல ஜெயில்லயே போச்சு.

சொந்த ஊரு பக்கத்துல ஹென்சால். அப்பா பேரு ஜென்கின் ஆப் ரிச்சர்ட். வெல்ஷ்ல 'ஆப்'னா மகன், அதாவது ரிச்சர்டோட மகன் ஜென்கின். அந்தக் காலத்துலதான் வேல்ஸ் நிலக்காரக் குடும்பங்க ஒவ்வொண்ணா இங்கிலீஷ்காரங்க மாதிரி நிலையான குடும்பப் பேருக்கு மாறிட்டு இருந்தாங்க. இவரும் ஜென்கின்ஸ் ஆயிட்டாரு. ஆக்ஸ்ஃபோர்ட்ல படிச்சிட்டு, லண்டன்ல கிரேஸ் இன்ங்கிற வக்கீல்கள் சங்கத்துல 1609ல வக்கீல் ஆனாரு.

இப்ப சொல்றதை நல்லா கவனிங்க. இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸ் பார்லிமென்ட்டைக் கேக்காமலே ஷிப் மணின்னு ஒரு வரி போட்டாரு. கடலோர ஊருங்ககிட்ட மட்டும் வாங்கிட்டு இருந்ததை 1635ல நாடு முழுக்க நீட்டினாரு. ஜென்கின்ஸ் அதை எதிர்த்தவரு. ஆனா 1642ல ராஜாவுக்கும் பார்லிமென்ட்டுக்கும் உள்நாட்டுப் போர் வந்தப்போ ராஜா பக்கம் போய் நின்னாரு. கட்சி மாறிட்டாருன்னு தோணும், ஆனா எனக்கு அப்படித் தெரியல. அவருக்குத் தெரிஞ்சது சட்டம். அதை ராஜா மீறினாலும் தப்பு, பார்லிமென்ட் மீறினாலும் தப்பு.

1643ல கார்மார்தன், கார்டிகன், பெம்ப்ரோக் மூணு கவுன்ட்டிக்கும் ராஜா இவரை ஜட்ஜா போட்டாரு. ராஜாவை எதிர்த்து ஆயுதம் எடுத்தா ராஜத்துரோகம்னு 1352லயே சட்டம் இருக்கு. அதை வச்சு பார்லிமென்ட் ஆளுங்க மேல கேஸ் போட வச்சாரு. நிரூபணம் ஆனா தூக்குதான். இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இந்த இடத்துல மனசு கொஞ்சம் நெருடுது.

ஜென்கின்ஸ் மாட்டினது 1645 டிசம்பர்ல, ராஜா கையில இருந்த ஹெர்ஃபோர்ட் ஊர்ல. கடுமையான பனி. அகழியில உறைஞ்ச ஐஸை உடைக்க கூலிக்காரங்க வர்றாங்கன்னு காவக்காரங்க ஊர் மதில் கதவைத் திறந்தாங்க. கையில கடப்பாரையோட வந்தது பார்லிமென்ட் சிப்பாய்ங்க! ஊரு விழுந்துச்சு, இவரு லண்டன் டவர் ஜெயிலுக்குப் போனாரு.

உள்ள உக்காந்தே எழுதினாரு. 'லெக்ஸ் டெர்ரே', நாட்டின் சட்டம்னு அர்த்தம், 1647ல வந்துச்சு. ராஜா இல்லாம சட்டம் போடற அதிகாரம் பார்லிமென்ட்டுக்கு இல்லைங்கிறதுதான் அவரோட வாதம்.

1648 பிப்ரவரியில பார்லிமென்ட்டோட கீழ்ச்சபையான காமன்ஸ் சபைக்கு இழுத்துட்டு வந்தாங்க. அங்க நிறுத்தற கைதி மண்டி போடணும், அது வழக்கம். இவரு போடல. மண்டி போட்டா அந்தச் சபைக்கு தன்னை விசாரிக்க உரிமை இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? உங்களுக்கு அதிகாரமே இல்லைன்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னாரு. அந்த வயசான மனுஷன் நின்ன நிலையை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது. 1000 பவுண்டு அபராதம் போட்டாங்க.

ராஜாவோட தலையை 1649ல வெட்டியாச்சு. 1650ல இவருக்கும் தூக்கு பேச்சு வந்துச்சு. ஒரு கக்கத்துல பைபிள், இன்னொரு கக்கத்துல மேக்னா கார்ட்டா (ராஜாவும் சட்டத்துக்குக் கட்டுப்படணும்னு சொல்ற பழைய சாசனம்), அப்படியே தூக்குமேடை ஏறிடறேன்னு தயாரா இருந்தாராம்.

காப்பாத்தினது யாரு தெரியுமா? ஹென்றி மார்ட்டன். ராஜாவோட மரண உத்தரவுல கையெழுத்துப் போட்டவரு! தியாகியோட ரத்தம்தான் சர்ச்சுக்கு விதை, இவரைக் கொன்னு அந்த விதையை நாமளே போடணுமான்னு சபையில கேட்டாருன்னு சொல்லுவாங்க. தூக்கு நின்னுச்சு. 1657 வாக்குல ஜென்கின்ஸ் வெளிய வந்தாரு.

1660ல சார்லஸோட மகன் ராஜாவா வந்ததும், அந்தக் கையெழுத்துக்காக மார்ட்டன் ஜெயிலுக்குப் போனாரு. செப்ஸ்டோ கோட்டையிலதான் அவரை வச்சிருந்தாங்க. 1680ல அங்கயே செத்தாரு. அந்தக் கோட்டையும் இதே தெற்கு வேல்ஸ்லதான் இருக்கு, கார்டிஃபுக்குக் கிழக்கால. அடுத்த வீடியோ அங்க இருந்து போடறேன்.