பஸ்கா: புளித்தமாவைத் தேடும் இரவு

[திரையில்: விளக்குகள் அணைக்கப்பட்ட ஒரு வீடு. ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் பறவையின் இறகு.]

தங்கள் முன்னோர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பண்டிகையான பஸ்காவுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. வாரக்கணக்கில் கூட்டித் துடைத்துக் கழுவி முடித்த வீட்டில், ஒரு யூதக் குடும்பம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அலமாரி இடுக்குகளிலும் கட்டிலின் அடியிலும் ரொட்டித் துணுக்குகளைத் தேடுகிறது. கண்டெடுக்க எதுவும் மிஞ்சியிராது என்பதால், 10 துண்டுகளைத் தாங்களே முன்கூட்டி ஒளித்து வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். பார்ப்பவர்களுக்கு விளையாட்டைப் போலத் தோன்றும் இந்தத் தேடலில்தான் பண்டிகையின் உட்பொருள் தொடங்குகிறது.

அவர்கள் தேடுவது எபிரேய மொழியில் 'ஹமேட்ஸ்' எனப்படும் புளித்த பண்டம். கோதுமை, பார்லி உள்ளிட்ட 5 தானியங்களில் எதன் மாவும் நீர் பட்டுப் புளித்துவிட்டால், அதை இஸ்ரேலில் 7 நாட்களும், பிற நாடுகளில் மரபைப் பின்பற்றுவோர் 8 நாட்களும் உண்பதில்லை. தங்கள் உடைமையாக வைத்திருப்பதுமில்லை. அதற்கு மாறாக உண்ணப்படுவது புளிப்பில்லாத அப்பமாகிய 'மட்ஸா'. இதில் வியப்புக்குரியது என்னவென்றால், மட்ஸாவும் அதே மாவும் அதே நீரும்தான். நீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிட்டால் அது மட்ஸா; கவனிக்காமல் விட்டால் ஹமேட்ஸ். எபிரேய எழுத்திலும் இவ்விரு சொற்களுக்கு இரண்டு எழுத்துகள் பொது; மூன்றாவது எழுத்தில் உள்ள வேறுபாடு, ஒரு கோடு மேலே தொடுகிறதா, சிறு இடைவெளி விட்டு நிற்கிறதா என்ற அளவே. இந்த நெருக்கத்தைச் சுட்டிக்காட்டாத யூத ஆசிரியர்கள் குறைவு.

ஆகவே, புளிப்பு என்பதை வெளியிலிருந்து வந்து சேர்ந்த அழுக்காக அவர்கள் எண்ணுவதில்லை. நம்முடைய மாவே, கவனம் தப்பிய நேரத்தில், காற்றை அடைத்துக்கொண்டு தன் அளவுக்கு மீறி உப்புகிறது. மனிதனின் அகந்தைக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை ஒரு சமையலறையில் காண்பது அரிது என்றே எனக்குத் தோன்றுகிறது. யூத மறைநூல் விளக்கங்களின் பெருந்தொகுப்பான தல்முதில் இடம்பெறும் ஒரு பழைய மன்றாட்டு, உம்முடைய சித்தத்தைச் செய்யவே விரும்புகிறோம், ஆனால் மாவிலுள்ள புளிப்பும் அரசுகளின் ஆதிக்கமும் எங்களைத் தடுக்கின்றன என்று இறைவனிடம் முறையிடுகிறது. உள்ளிருந்து உப்பும் தீய நாட்டத்தையும் வெளியிலிருந்து அழுத்தும் ஆட்சியையும் ஒரே மூச்சில் சொல்லும் இந்த மன்றாட்டை மனத்தில் கொண்டால், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் ஒரு பண்டிகை ஏன் துடைப்பத்தோடு தொடங்குகிறது என்பது விளங்கும்.

[திரையில்: மரக்கரண்டியில் சேகரிக்கப்பட்ட ரொட்டித் துண்டுகள். பின்னர், காலையில் மூட்டப்பட்ட சிறு தீ.]

தேடல் முடிந்ததும், என் கண்ணுக்குத் தப்பிய புளிப்பு எதுவும் இருந்தால் அது மண்ணின் தூசியைப் போலாகட்டும் என்று அரமேய மொழியில் அறிவிக்கிறார்கள். இந்த அறிவிப்பு உருவான காலத்துச் சாதாரண மக்களின் பேச்சுமொழி அரமேயம்; அது புரியாதவர் தமக்குப் புரியும் மொழியில்தான் சொல்ல வேண்டும் என்பது விதி, ஏனெனில் இங்கே வேலை செய்வது மந்திர ஒலியன்று, மனம் அறிந்து கைவிடுதல். கண்டதை மறுநாள் காலையில் எரிக்கிறார்கள். காணாததைச் சொல்லால் துறக்கிறார்கள். முழுமையாகத் துப்புரவாக்க மனிதனால் இயலாது என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இது.

கொச்சி யூதர்கள் இந்த ஆயத்தத்தைப் பெரும் தவமாகவே கடைப்பிடித்தார்கள். பல மாதங்களுக்கு முன்பே வேலைகள் தொடங்கும், வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், பண்டிகைக்கான அரிசியைப் பெண்கள் மணிமணியாக ஆய்ந்து எடுப்பார்கள். ஐரோப்பிய மரபைச் சேர்ந்த யூதர்களில் பலர் பஸ்காவில் அரிசியே உண்பதில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

[திரையில்: பௌர்ணமி நிலா. விருந்து மேசை.]

யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 15ஆம் நாள் பிறக்கும் இரவில், 'ஸேதெர்' எனப்படும் விருந்து நடைபெறுகிறது. ஸேதெர் என்றால் ஒழுங்கு என்று பொருள். கசப்பான கீரை அடிமை வாழ்வையும், உப்புநீர் கண்ணீரையும் நினைவூட்டுகின்றன. வீட்டிலேயே இளைய பிள்ளை, இந்த இரவு ஏன் மற்ற இரவுகளிலிருந்து வேறுபட்டிருக்கிறது என்று கேட்கிறது. அதற்கு விடையாகவே எகிப்திலிருந்து புறப்பட்ட வரலாறு சொல்லப்படுகிறது. எகிப்தின் மீது இறைத்தண்டனையாக விழுந்த 10 வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து அகற்றுகிறார்கள். பகைவரும் துன்புற்றார்கள் என்பதால் தங்கள் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்வதாக இதற்குப் பரவலாக விளக்கம் சொல்லப்படுகிறது.

தானே எகிப்திலிருந்து வெளியேறியதாக ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தம்மைக் கருத வேண்டும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பணிக்கிறது. எகிப்தைக் குறிக்கும் 'மிட்ஸ்ராயிம்' என்ற எபிரேயச் சொல்லில், இடுக்கமான இடத்தைக் குறிக்கும் 'மேட்ஸர்' என்ற சொல்லைக் கேட்டார்கள் பின்வந்த ஞானிகள். அவ்விரவில் பாடப்படும் 118ஆம் சங்கீதத்திலும் அந்தச் சொல் வருகிறது. "நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன்" என்கிறது தமிழ் வேதாகமம். நெருக்கம் என்ற நம் சொல்லும் குறுகிய இடத்தையும் துன்பத்தையும் ஒருங்கே குறிப்பது நல்வாய்ப்பு.

விருந்தின் தொடக்கத்தில், மூன்று மட்ஸாக்களில் நடுவிலுள்ளதை இரண்டாக உடைக்கிறார்கள். பின்பு மட்ஸாவைக் காட்டி, இது நம் முன்னோர் எகிப்தில் உண்ட எளியோரின் அப்பம், பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும் என்று அழைக்கிறார்கள். மாவு புளிக்கும்வரை காத்திராமல் விடுதலைக்கு விரைந்தவர்களின் அப்பமும் அதுவே என்று அதே இரவில் சற்றுநேரம் கழித்துச் சொல்கிறார்கள். உடைத்த பெரிய பாதியோ ஒளித்து வைக்கப்படுகிறது. முந்தைய இரவில் பெரியவர்கள் புளிப்பைத் தேடிய அதே வீட்டில், இந்த இரவில் பிள்ளைகள் புளிப்பில்லாத அப்பத்தைத் தேடி ஓடுகிறார்கள். கண்டெடுத்ததை எல்லாரும் பகிர்ந்து உண்கிறார்கள். அதன் சுவையே நாவில் தங்க வேண்டும் என்பதற்காக, அதன்பின் அந்த இரவில் வேறு எந்த உணவும் உண்பதில்லை.