பாரிஸ்–ரூபேயை வென்ற கோல்ப்ரெல்லி அடுத்த ஆண்டே விலகியது ஏன்?

வணக்கம் நண்பர்களே. முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன். “பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் பற்றிய போன காணொளியில், 2021-ல் இத்தாலியின் சோனி கோல்ப்ரெல்லி வென்றார் என்று சொன்னீர்கள். அவர் 2022-லேயே ஓய்வு பெற்றுவிட்டாரே? இதயத்துக்காகக் கருவி வைத்ததுதான் காரணம் என்கிறார்கள். அதே கருவியோடு டென்மார்க்கின் கால்பந்து வீரர் எரிக்சன் உலகக் கோப்பையே ஆடினார். கோல்ப்ரெல்லி மட்டும் ஏன் பயந்தார்?”

நல்ல கேள்வி. ஆனால் ‘பயம்’ என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

2022 மார்ச் 21. ஸ்பெயினில் கட்டலோனியா சுற்றுப் போட்டியின் முதல் நாள். மூச்சுக்குழாய் அழற்சியால் இரண்டு நாள் முன்பு நடந்த மிலான்–சான்ரெமோ பந்தயத்தை விட்டுவிட்டு, அன்றுதான் மறுபடி களத்துக்கு வந்திருந்தார். கடைசி ஸ்பிரிண்டில், அதாவது கோட்டை நெருங்கும்போது முழு வேகத்தில் பாய்வதில், ஆஸ்திரேலியாவின் மைக்கேல் மாத்யூஸுக்கு அடுத்து இரண்டாவதாகக் கோட்டைக் கடந்தார். கடந்த சிறிது நேரத்திலேயே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அங்கே இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தி, டிஃபிப்ரிலேட்டரால் மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டார்கள். விழுந்தது எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், மருத்துவக் குழு நின்ற இடத்தில். இதை நினைவில் வையுங்கள், பதிலே இதில்தான் இருக்கிறது.

அப்புறம் இத்தாலிக்குக் கொண்டுவந்து, தோலுக்கு அடியில் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டரை வைத்தார்கள். இதயத் துடிப்பு ஆபத்தான விதத்தில் தாறுமாறானால் கருவியே கண்டுபிடித்து அதிர்ச்சி கொடுக்கும்.

இங்கேதான் இத்தாலியச் சட்டம் வருகிறது. அந்த நாட்டில் போட்டி விளையாட்டில் இறங்கும் எவருக்கும் உடல்தகுதிச் சான்றிதழ் கட்டாயம், 1982 முதல் இப்படி. இதய மின்பதிவும் (ஈசிஜி) எடுத்தாக வேண்டும். இந்தக் கருவி உள்ளவர்களுக்கு இது போன்ற விளையாட்டுகளில் சான்றிதழ் கிடைக்காது. நமக்கு இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணத்தைப் பாதுவா மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். பரிசோதனை கட்டாயமாவதற்கு முன், ஆண்டுக்கு லட்சம் பேரில் 3.6 மரணம் என்று இருந்தது. 2004 வாக்கில் 0.4 ஆகிவிட்டது. இந்த எண்களைப் பார்த்த பிறகு அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

எரிக்சனும் இதே சட்டத்தில் மாட்டியவர்தான். 2021 ஜூனில் யூரோ கால்பந்துப் போட்டியில் இதயம் நின்று விழுந்தபோது அவர் இத்தாலியின் இன்டர் மிலான் அணி வீரர். கருவி வைத்த பிறகு இத்தாலியில் ஆட முடியாது என்று ஆகி, அந்த டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. அதனால்தான் இங்கிலாந்துக்குப் போனார், பிரென்ட்ஃபோர்டு அணிக்கு.

சரி, கோல்ப்ரெல்லியும் வேறு நாட்டு லைசென்ஸ் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எரிக்சன் போல நாமும் திரும்பலாம் என்ற நம்பிக்கை அவருக்கும் இருந்தது, அதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் 2022 நவம்பரில் விலகலை அறிவித்தபோது அவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: சைக்கிள் பந்தயம் நடப்பது சாலையில். மைதானம் போல மருத்துவர்கள் உடனே ஓடிவர முடியாது. பயிற்சியும் பெரும்பாலும் தனியாக, ஆள் நடமாட்டம் குறைந்த சாலைகளில்.

யோசித்துப் பாருங்கள். கருவி கோளாறைக் கண்டுபிடித்து அதிர்ச்சி கொடுக்கச் சில விநாடிகள் ஆகும். அதற்குள் மயக்கம் வரலாம். மைதானத்தில் மயங்கினால் புல்லில் விழுவார். மலைச்சரிவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது மயங்கினால்? கருவி இதயத்தைக் காப்பாற்றும், விழுந்த அடியிலிருந்து யார் காப்பாற்றுவது? பின்னால் ஒட்டி வருகிறவர்களின் உயிரும் இதில் சேர்ந்திருக்கிறது. இதே பாரிஸ்–ரூபேயில் 2018-ல் பெல்ஜியத்தின் மிகேல் கோலார்ட்ஸ், 23 வயது, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று சரிந்தார். அன்றிரவே இறந்துவிட்டார். இந்தத் துறையில் யாரும் அதை மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோல்ப்ரெல்லி என்றாலே இதய நிறுத்தம் என்று ஆகிவிட்டது, அது எனக்கு வருத்தம். 1990-ல் கார்தா ஏரிக்கரையின் தேசென்சானோவில் பிறந்தவர், 2012-ல் தொழில்முறைக்கு வந்தவர். இத்தாலியின் ஜிரோ, பிரான்ஸின் டூர் போன்ற மூன்று வாரப் போட்டிகளில் ஒரு கட்டம்கூட, அதாவது ஒரு நாள் ஓட்டம்கூட, வென்றதில்லை. வேகம் உண்டு, ஆனால் அசல் ஸ்பிரிண்டர்கள் இவரைவிட வேகம். மேடு ஏறுவார், ஆனால் மலை வீரர்கள் இவரைவிட லேசு. இப்படி நடுவில் நிற்பவர்கள் நிறைய முறை இரண்டாவது, மூன்றாவது வருவார்கள்.

2021-ல் எல்லாம் சேர்ந்து வந்தது. ஜூனில் இத்தாலிய சாம்பியன். செப்டம்பரில் பெனலக்ஸ் சுற்றுப் போட்டியில் வெற்றி. அதே மாதம் திரெந்தோவில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்: பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல் மேட்டில் எத்தனை முறை இழுத்தும் இவரைக் கழற்றிவிட முடியவில்லை. பின்சக்கரத்தை ஒட்டியே வந்து, கடைசியில் ஸ்பிரிண்டில் முந்தினார்.

அக்டோபர் 3-ல் பாரிஸ்–ரூபே. கோவிட் காரணமாக வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போன போட்டி. 2002-க்குப் பிறகு முதல்முறையாக மழையும் சேறுமாக நடந்தது. 257 கிலோமீட்டர், அதில் 55 கிலோமீட்டர் கருங்கல் பாவிய பாதை. கோல்ப்ரெல்லி அதில் இறங்குவது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் தாக்கட்டும் என்று காத்திருக்காமல், ஆரன்பெர்க் காட்டின் கடினமான கல்பாதைக்கு முன்பே முன்னே போய்விட்டார். கற்களில் பின்சக்கரம் வழுக்குகிறது, முன்னால் போகிறவர் விழுகிறார், இவர் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே போகிறார். தனியாக முன்னிலையில் இருந்த இத்தாலியர் மோஸ்கோன் பஞ்சராகி, பிறகு வழுக்கியும் விழுந்தார். பந்தயம் முடியும் ரூபே மைதானத்துக்குள் வந்தது மூன்று பேர்: நெதர்லாந்தின் வான் டெர் பூல், பெல்ஜியத்தின் 22 வயது ஃபெர்மேர்ஷ், கோல்ப்ரெல்லி. கடைசி ஸ்பிரிண்டில் இவர் ஜெயித்தார். ஐரோப்பிய சாம்பியன் ஜெர்சி இருந்த இடமே தெரியாமல் சேறு. சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, தரையில் விழுந்து கதறினார். 1999-ல் ஆந்திரேயா தாஃபிக்குப் பிறகு அதை வென்ற முதல் இத்தாலியர்.

அடுத்த ரூபே 2022 ஏப்ரலில், அதாவது ஆறே மாதத்தில். நடப்புச் சாம்பியனாக அதில் அவர் ஓட்டவே இல்லை. 31 வயது, உச்சத்தில் இருக்கும் நேரம். அப்படியொரு மனிதர் பல மாதம் யோசித்து எடுத்த முடிவு இது. ஓய்வுக்குப் பிறகும் பஹ்ரைன் விக்டோரியஸ் அணி அவரைத் தூதராக வைத்துக்கொண்டது.

நேரம் இருந்தால் அந்த 2021 பந்தயத்தின் கடைசி 50 கிலோமீட்டரைத் தேடிப் பாருங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.