வாரியலுக்கு ஒரு கம்பு

நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் இதை அடுப்படியில் நின்றபடி கேட்கலாம், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி கேட்கலாம், கடையைத் திறந்து வைத்துவிட்டும் கேட்கலாம். எங்கே இருந்தாலும் ஒரு நிமிடம் உங்கள் உடம்பைக் கவனியுங்கள். கழுத்து தொங்கிக்கொண்டிருக்கிறதா? தோள் இரண்டும் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா? அப்படியென்றால் நான் பேச வந்தது உங்களிடம்தான்.

நான் பிசியோதெரபி செய்கிறவள். திருநெல்வேலிப் பக்கம் 26 வருடமாக இதே வேலை. என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது "குறுக்கு வலிக்கி". குறுக்கு என்றால் முதுகின் அடிப்பகுதி, வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். அடுத்தது, "எலும்பு தேஞ்சு போச்சாம்". இந்தத் தேய்மானம் என்கிற சொல்லின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வயது ஏறினால் படம் எடுத்துப் பார்க்கும்போது தேய்மானம் தெரியத்தான் செய்யும், வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல் வந்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க என்ன வேலை, எந்த உயரத்தில், எதைப் பிடித்துக்கொண்டு என்று யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்கவில்லை.

என்னைக் கேட்க வைத்தவர் ஒரு தூய்மைப் பணியாளர். ஐம்பதை நெருங்கிய அம்மா. வந்தார், ஒத்தடம் கொடுத்தேன், பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், பத்து நாளில் சரியாகிப் போனார். அடுத்த மாதம் திரும்ப வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். "டாக்டரம்மா, நீங்க சொன்ன பயிற்சியெல்லாம் விடாமச் செய்யுதேன்" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் டாக்டரம்மாதான்.

சரி, நேரில் பார்ப்போம் என்று ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு அவர் பெருக்கும் தெருவுக்கே போனேன். கையில் தென்னை ஈர்க்கு வாரியல். துடைப்பம், விளக்குமாறு என்று உங்கள் ஊரில் எப்படிச் சொன்னாலும் சாமான் அதே சாமான்தான். நிறுத்தி வைத்தால் அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். இடது கையைத் தொடையில் ஊன்றி, வலது கையால் பெருக்கிக்கொண்டே போகிறார். தேரடியிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அவர் நிமிர்ந்தது இரண்டே முறை. நான் எண்ணினேன். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தெரு! நான் கொடுத்த ஒத்தடம் இதற்கு என்ன செய்யும்?

மறுநாள் ஒரு மூங்கில் கம்பு வாங்கி, பழைய சைக்கிள் ட்யூபால் வாரியலை அதன் நுனியில் இறுக்கிக் கட்டிக் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது ஒட்டடை அடிக்கவா?" என்றார். அவர் சிரித்ததும் சரிதான். நான் கட்டியதில் குப்பை வரவே இல்லை. ஈர்க்கு தரையில் படுத்தால்தான் குப்பை நகரும், என் கம்பிலோ அது குத்திக்கொண்டு நின்றது. அவரே அவிழ்த்துச் சாய்வாகக் கட்டினார். கம்பையும் தன் நெஞ்சுக்குக் கீழே வருகிற மாதிரி வெட்டிக்கொண்டார். ஆக, அது அவர் செய்த வாரியல். என் பங்கு ட்யூப் மட்டும். வேலை செய்கிறவர்களுக்குத் தெரிவது மேஜையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியாது. இதை எங்கே பேசினாலும் சொல்வேன்.

கதை அங்கே முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தவர், வலி குறைந்திருக்கிறது, ஆனால் மேற்பார்வையாளர் சத்தம் போடுகிறார் என்றார். என்னவாம்? "நிமிந்து நின்னுகிட்டுப் பெருக்குனா வேலை பாக்குத மாதிரியா இருக்கு?"

இதைக் கேட்டதும் எனக்குக் கலிபோர்னியா ஞாபகம் வந்தது. எங்கே திருநெல்வேலி, எங்கே கலிபோர்னியா என்கிறீர்களா? அங்கே சாலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் என்கிற இலைக்காய்கறி வயல்களில் களை எடுக்கவும் நெருக்கமாக முளைத்த நாற்றைக் கொத்திக் குறைக்கவும் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்துதான் கொடுப்பார்கள். வேலை செய்தவர்களில் மெக்சிகோவிலிருந்து போன தொழிலாளிகள் நிறைய. அவர்கள் அதற்கு வைத்த பேர் 'எல் கோர்ட்டிட்டோ', அதாவது குட்டையன். நாள் முழுக்க இரண்டாக மடிந்து கிடக்க வேண்டும். கிட்டக் குனிந்தால்தான் பயிருக்குச் சேதம் வராது என்றார்கள் முதலாளிகள். இன்னொரு வசதியும் இருந்தது: எவன் நிமிர்ந்து நிற்கிறானோ அவன் வேலை செய்யவில்லை என்று கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. குட்டைப் பிடி முதுகை என்ன செய்யும் என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975இல் குட்டையனுக்குத் தடை வந்தது. அப்புறம் அதே வயலில் நீளப் பிடியோடு அதே வேலை நடந்தது, பயிர் ஒன்றும் அழிந்து போகவில்லை.

குனிவதில் அப்படி என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். சுவீடனில் நாக்கம்சன் என்ற மருத்துவர் 1960களில் உயிரோடு இருக்கிற மனிதர்களின் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கில் ஊசி செருகி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முன்னால் குனிந்ததும் சுமார் 150. எடையைத் தூக்கிக்கொண்டு குனிந்தால் 220. அதற்காகக் குனியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குனிவது உடம்புக்குத் தெரிந்த வேலைதான். மணிக்கணக்காக நிமிரவிடாமல் வைத்திருப்பதுதான் வினை.

இப்போது வீட்டுக்குள் வருவோம். எழுந்து நில்லுங்கள், கையைத் தொங்கப்போட்டு முழங்கையை மட்டும் மடக்குங்கள். அந்த முழங்கை உயரம்தான் உங்கள் அளவுகோல். காய் நறுக்குவது போன்ற இலேசான வேலை அந்த மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கலாம். சப்பாத்தி மாவு பிசைவது மாதிரி அழுத்திச் செய்யும் வேலைக்கு இன்னும் நன்றாக இறங்க வேண்டும். கண்ணை ஒட்டிச் செய்யும் நுண்ணிய வேலை கொஞ்சம் ஏற வேண்டும். ஆனால் நம் கொத்தனார் சமையல் மேடையை எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் கட்டிவிட்டுப் போகிறார். நின்று சமைக்கப் போகிறவரை அழைத்து நிறுத்தி அளந்த கொத்தனாரை நான் இதுவரை பார்த்ததில்லை. குட்டையான மாமியாருக்குத் தோள் வலிக்கும், நெட்டையான மருமகளுக்குக் குறுக்கு வலிக்கும், மேடை ஒன்றுதான். இடிக்க வேண்டாம். மாமியார் காலடியில் ஆடாத ஒரு மணைப்பலகை, மருமகள் நறுக்கும் இடத்தில் தடிமனான ஒரு கட்டை, அவ்வளவு போதும்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒன்று. நம் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. பிரிட்டனில் 25 கிலோ மூட்டைதான் வழக்கம். தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் மூட்டையைச் சிறிதாக்கலாமே என்று…

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். வாரியலிலேயே நேரத்தைக் கழித்துவிட்டேன். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது. இருக்கை போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தால் முறைக்கிற கடைகளும் உண்டு, அந்த மேற்பார்வையாளர் மாதிரி. தையல் மெஷினுக்கு என்று எழுதி வந்த ஒரு பக்கம் அப்படியே கையில் இருக்கிறது. மெஷின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும், ஸ்டூலை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். இன்னொரு முறை கூப்பிட்டால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.